திருத்தாமல் விட்ட சொல்

இந்த ஊரில் பழக்கடைக்குப் போனால் பழத்தைத் தொடக்கூடாது. எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் எடுத்துத் தருவார். பெரிய கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் கையுறை தொங்கும். அதை மாட்டிக்கொண்டு நாமே எடுக்கலாம். இத்தாலிக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், பீச்சுப் பழக் கூடையின் முன்னால் நிற்கும்போது என் வலக்கை தானாக எழுந்து, பாதியில் நின்று, இறங்குகிறது. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்தும், தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தும் வாங்கிப் பழகிய கை அது. புதிதாக வரும் நம் பெண்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். விசா விதிகளெல்லாம் இரண்டாம் பாடம்.

எனக்கு இதைச் சொல்லித் தர ஆளில்லை. ஒரு கோடைக்காலப் பயிற்சிக்காக, மலைமேல் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு வந்த மூன்றாம் நாள், தெருமுனைக் கடையில் ஒரு தக்காளியை எடுத்து அழுத்திப் பார்த்தேன். “நோன் தொக்காரே!” என்று கடைக்காரப் பெண்மணி கத்தினாள். தொடாதே என்ற பொருள் அகராதி இல்லாமலே விளங்கிற்று. நான் தொட்ட தக்காளியை அவள் பிடுங்கித் தனியே ஒதுக்கி வைத்தாள். தங்கியிருந்த வீடுவரை அழுதுகொண்டே ஓடினேன். வீட்டுக்காரி லூச்சியா விசாரித்துவிட்டுச் சிரித்தாள். ஊர்த்தலைவரின் மனைவிக்கும் அதே விதிதான் என்றாள். சொன்ன பிறகும் என் அழுகை ஓயவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் எங்களுக்குக் கிணறும் கரும்புத் தோட்டமும் இருந்தன. வெட்டுக்கு வரும் கூலியாட்கள் தண்ணீர் கேட்டால், என் அம்மா சொம்பை உயர்த்திப் பிடித்து அவர்களுடைய ஏந்திய கைகளில் ஊற்றுவாள். பத்தொன்பது வயதுவரை தீட்டு என்பதை ஊற்றுகிற பக்கத்திலிருந்து மட்டுமே அறிந்தவள் நான். ஒரு தக்காளிக்காக அதட்டியதும், எனக்கு எதிரே யாரோ சொம்பை உயர்த்திவிட்டதாகவே எண்ணினேன். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் கடைக்காரி முசுடு என்று சொல்லிக்கொண்டு நடந்திருப்பாள்.

அன்று அழுகையினூடே எனக்கு வேறொன்றும் தோன்றியது. அந்தக் கோடைக்கு இங்கே வந்திருக்க வேண்டியவள் நானல்ல. அஞ்சலை. அவளாக இருந்தால் ஓடியிருக்க மாட்டாள். தொடாதே என்பதைக் கேட்டுப் பழகியவள் அவள்.

அஞ்சலை வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவள். கள்ளக்குறிச்சியில் கன்னியர் நடத்திய மகளிர் விடுதி ஒன்றில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுத் தட்டச்சும் தையலும் கற்றுக்கொண்டு, அடுத்து எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்த காலம். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்து ஊர்களில் சூடேறிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் எழுத்து, டீக்கடையெல்லாம் விழுக்காட்டுக் கணக்கு. எந்தப் படிவத்தை எடுத்தாலும் ‘கம்யூனிட்டி’ என்ற கட்டத்தில்தான் முதலில் கண் போகும். அஞ்சலை அந்தக் கட்டத்தில் ‘மலையாளி’ என்று எழுதுவாள். கல்வராயன் மலைவாழ் மக்களுக்கு அரசு ஏட்டில் அதுதான் பெயர். கேரளத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவர்கள் பேசுவது தமிழ்; நாங்கள் மறந்துவிட்ட சொற்களையும் வைத்திருக்கும் தமிழ். கீழ்நாட்டில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே கேலி செய்வார்கள். விடுதியில் ஒருத்தி அவளைச் “சேச்சி, சுகமா?” என்று சீண்டுவாள். “ஏண்டி, அவ மலைக்காரிடி, கேரளாக்காரி இல்ல. உனுக்கு எத்தினி தபா சொல்றது?” என்று ஒவ்வொரு முறையும் சண்டைக்குப் போனவள் நான்தான். இதை நான் என்னைப் புகழ்ந்துகொள்ளச் சொல்லவில்லை. அந்தச் சொல்லின் பொருள் அந்த விடுதியில் யாருக்கும் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கன்னியர்களுக்குப் பழக்கமான ஓர் இத்தாலியப் பள்ளி, ஒரு கோடை முழுதும் மொழியும் ஓவியமும் சமையலும் கற்க ஒரே ஒரு பெண்ணை அழைத்துக்கொள்வதாக எழுதியிருந்தது. பல நாட்டுப் பெண்கள் வருவார்கள். ஒவ்வொருத்தியும் தன் மொழியையும் தன் சாப்பாட்டையும் மற்றவர்களுக்கு ஒரு மாலை கற்பிக்க வேண்டும். விடுதியிலிருந்து எங்கள் இருவரின் பெயரை அனுப்பினார்கள். தேர்ந்தெடுக்க வந்த அம்மையாருக்கு இத்தாலியமும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும். தலைவிச் சகோதரிக்குக் காய்ச்சல். எனக்கு ஆங்கிலம் வரும். அஞ்சலைக்கு அவ்வளவாக வராது. “நீங்க ரெண்டு பேரும்தான் ஒட்டிக்கினு திரியறீங்களே, நீயே அவளுக்குக் கேட்டுச் சொல்லிடு” என்று படுக்கையிலிருந்தபடியே சகோதரி சொல்லிவிட்டார். போட்டியாளரே மொழிபெயர்ப்பாளராக இருக்கலாமா என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சிநேகிதிகள் என்றால் சிநேகிதிகள்.

அம்மையார் அஞ்சலை வரைந்த படத்தைக் கையில் வைத்திருந்தார். சமையற்கட்டுக் கரியால், பழுப்புத் தாளில், தட்டேந்தி வரிசையில் நிற்கும் விடுதிப் பெண்களை முதுகுப் பக்கமிருந்து வரைந்திருந்தாள். ஒரு முகம்கூட இல்லை. ஆனாலும் எந்த முதுகு யாருடையது என்று அந்த அறைக்குள் வந்த எவரும் சொல்லிவிடுவார்கள். என் முதுகும் அதில் இருந்தது. கொஞ்சம் கூன் போட்டு, முன்னால் நிற்பவளின் தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு. அம்மையார் அதை மறுபடி மறுபடி பார்த்தார். பிறகு படிவத்தைப் புரட்டி, விரலை ஓரிடத்தில் வைத்து, ஆங்கிலத்தில் கேட்டார்: “மலையாளி என்று இருக்கிறதே. கேரளத்தவளா? வீட்டில் பேசுவது மலையாளமா?”

நான் அஞ்சலையின் பக்கம் திரும்பினேன். “நீ மலையாளியான்னு கேக்கறாங்கடி.”

“ஆமான்னு சொல்லு. அதான் பாரத்துல எழுதிக்கீதே.”

“யெஸ், மேடம்” என்றேன்.

அம்மையாரின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. கேரளத்திலிருந்து ஏற்கெனவே ஒரு பெண் வருவதாகவும், தங்களுக்குத் தமிழ் பேசுகிற பெண்தான் தேவைப்படுவதாகவும் சொன்னார். அஞ்சலையின் படத்தை என்னிடம் கொடுக்கவா, அவளிடமே கொடுக்கவா என்று தயங்கி, மேசைமேல் வைத்தார். அஞ்சலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இல்லை, அவள் தமிழ்ப் பெண்’ என்பது ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள். அதைச் சொல்லப் போதிய அவகாசம் இருந்தது. அம்மையார் பேனாவை மூடிக் கைப்பையில் வைக்கும்வரை இருந்தது. நான் எதையும் தவறாக மொழிபெயர்க்கவில்லை. கேள்வியின் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். பிற்பாடு நெடுங்காலம் அந்த முதல் வாக்கியத்தை மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் புறப்படுவதற்கு முன்வாரம் அஞ்சலை மலைக்குப் போய் வந்தாள். ஒரு துணிப்பையில் புடைத்துச் சுத்தம் செய்த சாமை அரிசி கொண்டுவந்திருந்தாள். “அங்க போயி ஒரு நாளு ஆக்கிப் போடணும்ல? உங்க வூட்டு அரிசிச் சோத்த யாரு வேணும்னாலும் ஆக்குவா. இத ஆக்கு. தண்ணி கம்மியா வையி, கொழஞ்சிரும்” என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்து நிம்மதியாகப் பையை வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் காலையில் மொழி, மதியத்துக்குமேல் ஓவியம், மாலையில் சமையல். மொழி வகுப்பில் எனக்கு நல்ல பெயர். மெய்யெழுத்தை இரட்டித்துச் சொல்ல மற்ற நாட்டுப் பெண்கள் திணறுவார்கள். பாட்டையும் பாடையையும் பிரித்தறிந்து வளர்ந்த நமக்கு அது ஒரு பொருட்டா? அந்தச் செருக்கில் ஒரு நாள் எழுந்து நின்று, எழுதுகோல் வேண்டும் என்று ஆசிரியையிடம் கேட்டேன். இத்தாலியத்தில் எழுதுகோல் ‘பென்னா’. நான் நம் வழக்கப்படி ‘பேனா’ என்றேன். ‘பேனா’ என்றால் அம்மொழியில் தண்டனை. வேதனை என்றும் ஆகும். “எனக்கு ஒரு தண்டனை கிடைக்குமா?” என்று ஆசிரியை என் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லி, வகுப்பு முழுவதும் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, “கிடைக்கும், கேட்காமலே கிடைக்கும்” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். மற்றவர்களோடு நானும் சிரித்தேன்.

ஓவிய வகுப்பு ஒரு பழைய தேவாலயத்தின் பக்கவறையில் நடந்தது. ஃப்ரெஸ்கோ என்ற சுவரோவிய முறையைக் கற்றுத் தந்தார்கள். சுண்ணாம்புச் சாந்தை அன்றன்றைக்கு முடிக்கக்கூடிய அளவு மட்டும் பூசி, ஈரம் காய்வதற்குள் வண்ணத்தை வைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு வைக்கும் வண்ணம் சுவருக்குள் இறங்காது. மேலே ஒட்டிக்கொண்டிருந்து உதிரும். தவறு நேர்ந்தால் சாந்தையே கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். என் கை மெதுவானது. நான் பூசிய சாந்து ஒவ்வொரு நாளும் பாதி வெறுமையாகவே காய்ந்தது. ஓவிய ஆசிரியர் நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்து, “த்ரோப்போ தார்தி” என்பார். மிகவும் தாமதம். உன்னை அனுப்பியவர்கள் உன் படத்தைப் பார்த்தார்களா என்று ஒருமுறை கேட்டார். பார்த்தார்கள் என்றேன். எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை.

என் நாட்டுச் சாப்பாட்டை நான் சமைக்க வேண்டிய மாலை வந்தது. லூச்சியாவின் அடுப்படியில் அஞ்சலையின் பையை அவிழ்த்தேன். லூச்சியா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, “மில்யோ!” என்று கூவினாள். அவர்கள் ஊரில் சிறுதானியம் எல்லாமே மில்யோதான். அது கூண்டுக் குருவிகளின் தீவனம். மற்ற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். இந்தியாவில் மனிதர்கள் இதைச் சாப்பிடுகிறார்களா என்று ஒருத்தி கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்ட கேள்வியல்ல. எங்கள் ஊரிலும் மலைக்காரர்களைச் ‘சாமைத்தின்னி’ என்று சொல்வார்கள். அதைக் கெட்ட எண்ணத்தில்தான் சொல்வார்கள். எனக்கு முகம் சுட்டது. “எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. மலையில் இருப்பவர்கள் சாப்பிடுவது” என்று புதிதாகக் கற்ற மொழியில் பிழையில்லாமல் சொன்னேன். கடையில் அரிசி வாங்கிவந்து எலுமிச்சைச் சோறு கிளறினேன். எல்லாரும் பாராட்டினார்கள். லூச்சியாவிடம் இரண்டு கனேரிக் குருவிகள் இருந்தன. அஞ்சலை புடைத்துக் கொடுத்த சாமையை அந்தக் கோடை முழுவதும் அவை தின்றன. நானே கிண்ணத்தில் போட்டிருக்கிறேன்.

ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் பேசுகிற மாதிரியே எழுதுவான். “ஒரு வாரமா நம்ம ரோட்டுல ஒரு வண்டி ஓடல. பாலத்தாண்ட இருந்த பெரிய புளியமரத்த நானும் நம்மாளுங்களும் சேந்து சாச்சிட்டோம். நம்ம பங்க நாம கேக்கறோம், பிச்சயா கேக்கறோம்? நீ இப்ப வராத. வந்தாலும் மெட்ராசுலேர்ந்து இங்க வந்து சேர முடியாது. அங்கியே நல்லா சாப்டுக்கினு இரு.” கேட்டது நியாயம்தான். அதன் பயனாகப் பின்னால் கிடைத்த ஒதுக்கீட்டில்தான் அவன் மகள் படித்து மருத்துவரானாள். அந்த நாட்களில் உயிர்களும் போயின. அவற்றைப் பற்றித் தொலைவில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த நான் எழுதுவது முறையாகாது. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: “உன் கூட்டாளி மலைக்காரப் பொண்ணு வாத்தியார் ட்ரெயினிங் இண்டர்வியூக்குப் போவ முடியாம திண்டாடிச்சாம். நம்ம சித்தப்பா சொன்னாரு.” அதை இரண்டுமுறை படித்தேன். மடித்து வைத்தேன். பதில் கடிதத்தில் புளியமரத்தைப் பற்றி விசாரித்திருந்தேன்.

திரும்பிப் போவதை ஒரு மாதம் தள்ளினேன். லூச்சியாவின் படுக்கையிலிருந்த தாயைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. மாதம் ஆண்டாயிற்று. தங்கும் அனுமதிக்காக வரிசையில் நின்றபோது, காவல் அலுவலகத்தில் என்னை ‘எக்ஸ்ட்ராகொமுனிதாரியா’ என்ற வரிசைக்குப் போகச் சொன்னார்கள். ஐரோப்பியச் சமூகத்துக்கு வெளியிலிருந்து வந்தவள் என்று பொருள். எனக்கு அதில் ‘கம்யூனிட்டி’ மட்டும்தான் காதில் விழுந்தது. பெட்டியின் அடியில் வைத்திருந்த சாதிச் சான்றிதழை, வட்ட முத்திரையோடு, கண்ணாடிக்கு அந்தப்புறம் நீட்டினேன். அங்கிருந்தவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது தேவையில்லை என்று திருப்பித் தந்தார். அந்தச் சான்றிதழ் தேவைப்படாத ஓர் ஊர் உலகத்தில் இருக்கிறது என்ற மகிழ்ச்சி அன்று எனக்கு வந்திருக்க வேண்டும். இந்தத் தாளுக்காகத்தானே அங்கே அவ்வளவும் என்ற எண்ணம்தான் வந்தது.

நான் இப்போது பிழைப்புக்காகச் செய்வது மொழிபெயர்ப்பு. நம்மவர்கள் மருத்துவமனையிலோ காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ வாயடைத்து நிற்கும்போது என்னைக் கூப்பிடுவார்கள். இந்தத் தொழிலின் முதல் விதி, பேசுபவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவருக்கு வயிறு வலிக்கிறதாம்’ என்று சொல்லக்கூடாது. ‘எனக்கு வயிறு வலிக்கிறது’ என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பேருடைய நோயையும் பொய்யையும் கெஞ்சலையும் ‘நான்’ என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாம் விதி, எதையும் விடக்கூடாது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அதை நான் கண்டிப்போடு சொல்லித் தருவேன். எதனால் அவ்வளவு கண்டிப்பு என்று அவர்கள் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு, நான் கற்க வந்த அதே பள்ளி, தன் மாணவர்களை மூன்று வாரம் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லி என்னைக் கேட்டது. மொழி, ஓவியம், சாப்பாடு. கோடையில் தாங்கக்கூடிய ஊராக இருக்க வேண்டும் என்றார்கள். கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூர் என்று சொன்னேன். அஞ்சலை அங்கே அருவி பார்க்க வருபவர்களுக்குச் சமைத்துப் போடும் சிறு உணவுக்கடை வைத்திருப்பதாக அண்ணன் சொல்லியிருந்தான். அவளிடம் அந்த நான்கைந்து சொற்களைச் சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்தப் பயணத்தில் வேறு வேலை இல்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் அவளை அடையாளம் கண்டுகொண்டேன். பருத்திருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “வாங்க வாங்க. உக்காருங்க. மலையேறுனது தலய சுத்திச்சிங்களா? எலுமிச்சங்கா தரட்டுங்களா?” என்றாள். ஒரே அறையில் ஒரே சீப்பால் தலைவாரியவள். ஒவ்வொரு வினையின் கடைசியிலும் ஒரு ‘ங்க’ வைத்தாள். வெளியூர்க்காரர்களுக்கு அவள் கடையில் என்ன மரியாதையோ அது எனக்கும் கிடைத்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்று மாலை அடுப்படிப் பக்கம் போய், “அஞ்சல, உங்கிட்ட ஒண்ணு பேசணும்” என்றேன். “அப்பறம் பேசிக்கலாங்க, ஒலை கொதிக்குதுங்க” என்றாள். மறுநாள் போனேன். “சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, நான் வாயெடுப்பதற்குள் பால்காரனைக் கூப்பிட்டுச் சத்தம் போடத் தொடங்கினாள். தப்பித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், எனக்கு வசதியான இடத்தில் வைத்து நான் சொல்லி முடித்துவிடுவதை அவள் விரும்பவில்லை என்று தோன்றுகிறது.

மூன்றாம் நாள் சமையல் வகுப்பு. சாமையை உரலில் குத்தக் கற்றுக்கொடுத்தாள். அவள் சொல்வதை நான் இத்தாலியத்தில் சொன்னேன். ஒரு மாணவன் உலக்கையைத் தவறாகப் பிடித்தான். “இவுரு ஒலக்கய புடிக்கறதப் பாருங்க, மேடையில மைக்கு புடிக்கறாப்பல. பாட்டு பாடப் போறாரா?” என்றாள். மொழிபெயர்த்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அவனுமே பாடிக் காட்டினான். அந்தக் கலகலப்பில் மார்த்தா என்ற மாணவி, உரலருகே குந்தியிருந்தவள், ஆசையாகக் கேட்டாள்: நீங்கள் எப்போதாவது வெளிநாடு போக விரும்பியது உண்டா?

“வெளிநாடு போவ ஆச இருந்துதான்னு கேக்கறா” என்றேன்.

“ஆச இன்னாங்க ஆச! போவறதாத்தான் இருந்தேன். இவங்க ஊருக்குத்தான். இவங்க இஸ்கோலுக்குத்தான்.”

சொன்னேன். மாணவர்கள் ஆர்வத்தோடு நெருங்கி உட்கார்ந்தார்கள். அஞ்சலை முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

“எனுக்கு ஒரு சினேகிதி இருந்தா.”

“ஆவேவோ உனமீக்கா” என்றேன். எனக்கு ஒரு தோழி இருந்தாள்.

“அவளத்தான் கேட்டுச் சொல்லுன்னு வுட்டாங்க. அந்த வெள்ளக்காரம்மா மலையாளமான்னு கேட்டுச்சி. மலையாளம்ன்ற சொல்லு எங்காதுல வுழாதா? அதுக்கு இங்கிலீசு இன்னாத்துக்கு? இல்லன்னு நானே கத்தியிருக்கலாம். கத்தல. அவ சொல்லுவா, அவதான எனுக்கோசரம் எல்லார்கிட்டியும் சண்டைக்கிப் போறவன்னு, அவ வாயவே பாத்துக்கினு குந்தியிருந்தேன்.”

விதி தவறாமல் மொழிபெயர்த்தேன். நான் கத்தியிருக்கலாம். நான் கத்தவில்லை. அவள் வாயையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தாலியத்தில் அஞ்சலை ‘நான்’ ஆனாள். நான் ‘அவள்’ ஆனேன். என் குரல் எங்கும் தடுமாறவில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் என்று பெயரெடுத்தவள்.

“அப்பறம் வாத்தியார் ட்ரெயினிங்குக்குக் கூப்ட்டாங்க. அன்னிக்குன்னு பாத்து ரோடெல்லாம் மரம். ஏறி எறங்கி, ஏறி எறங்கி நடந்தேன். எந்த மரம் யாரு வெட்டுனதுன்னு மரத்துல எழுதியா கீது? போயிச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சின்னுட்டாங்க.” முறத்தை ஒருமுறை தட்டினாள். “அதோட சரி. இங்கதான் கீறேன்.”

அதையும் சொன்னேன். மார்த்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தோழி இப்போது எங்கே இருக்கிறாள், உங்களைத் தேடி வந்தாளா என்று கேட்டாள். கேட்கும்போது அஞ்சலையைப் பார்த்துக் கேட்டாள். குரல் கொடுக்கிற என்னை அவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லித் தந்ததும் நான்தான். ‘அது நான்’ என்று இரு மொழியிலும் சொல்ல எனக்கு அப்போதும் அவகாசம் இருந்தது.

“அந்த சினேகிதி இப்ப எங்க கீறா, உன்னத் தேடி வந்தாளான்னு கேக்கறா” என்றேன்.

அஞ்சலை முறத்தைக் கீழே வைத்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். ‘ங்க’ இல்லாமல், பழைய அறையில் பேசுகிற குரலில் சொன்னாள்: “வெளிநாட்டுல கீறா. இங்க இன்னும் வர்லன்னு சொல்லு.”

தமிழில் ‘வரவில்லை’ என்பது யாருக்கும் பொருந்தும். ஆணுக்கும், பெண்ணுக்கும், மழைக்கும், கடிதத்துக்கும். இத்தாலியத்தில் அப்படித் தப்ப முடியாது. ‘அர்ரிவாத்தா’ என்ற சொல்லின் ஈற்றில் நிற்கும் ஆகாரம், வராதவள் ஒரு பெண் என்று காட்டிக்கொடுத்துவிடும். கரியாலூரில், உரலுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, அந்த உயிரெழுத்தை விழுங்காமல் முழுதாகச் சொன்னேன்: அவள் வெளிநாட்டில் இருக்கிறாள், இங்கே இன்னும் வரவில்லை.